ரோயிங் மிஷினில் பேஸ் இடிக்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கும்பகோணத்தில் ஒரு சின்ன ஜிம்மில் மிஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. டிரெட்மில், சைக்கிள் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. படகு வலிப்பது போல உட்கார்ந்து ஹேண்டிலை இழுக்கும் ரோயிங் மிஷினில் மட்டும் தினமும் ஒரு பஞ்சாயத்து. "அண்ணே, மானிட்டர் பொய் சொல்லுது." ஒருவருக்கு பேஸ் குதிக்கிறது, இன்னொருவருக்கு அசையவே மாட்டேன் என்கிறது, மூன்றாமவர் வீட்டில் போட்ட கணக்கு இங்கே ஒத்துவரவில்லை. வாய் வலிக்கச் சொன்ன பதில்களை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

இதில் பெரும்பாலானவை காற்று விசிறி வைத்த மிஷினுக்கு, அதாவது கான்செப்ட் 2 மாதிரியான ஜிம் மிஷினுக்குப் பொருந்தும். காந்தம் அல்லது தண்ணீர்த் தொட்டி வைத்தது என்றால் ஆறாவது அறிகுறியை முதலில் படியுங்கள்.

தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான். பேஸ் என்றால், இதே வேகத்தில் போனால் 500 மீட்டரைக் கடக்க ஆகும் நேரம். 2:30 என்றால் இரண்டு நிமிடம் முப்பது விநாடி. எண் இறங்கினால் வேகம் கூடியது என்று அர்த்தம். ஓட்டக்காரர்கள் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று சொல்வது போலத்தான், இங்கே 500 மீட்டர். படகுப் பந்தயம் 2000 மீட்டர் என்பதால் கால்வாசிக் கணக்கு வசதியாகப் போயிற்று.

அறிகுறி 1: நான் போட்ட கணக்கும் மானிட்டர் காட்டுவதும் ஒத்துவரவில்லை

மிஷினைத் தொடாதீர்கள். இது பெரும்பாலும் கால்குலேட்டர் கோளாறு.

*நேரத்தைப் புள்ளி வைத்துப் போட்டீர்களா?* 2000 மீட்டரை 9 நிமிடம் 10 விநாடியில் முடித்தால், போனில் 9.10 என்று அடித்து 4 ஆல் வகுக்கிறார்கள். 2.275 வருகிறது. அதை 2:27 என்று படித்துவிட்டு, மானிட்டர் 2:17.5 காட்டுகிறதே என்று சண்டைக்கு வருகிறார்கள். மானிட்டர்தான் சரி. ஒரு நிமிடத்துக்கு 60 விநாடி, 100 இல்லை.

வழி இது:

நிமிடத்தை 60 ஆல் பெருக்கி விநாடியைக் கூட்டுங்கள். 9 × 60 + 10 = 550 விநாடி.
மொத்த மீட்டரால் வகுத்து 500 ஆல் பெருக்குங்கள். 550 ÷ 2000 × 500 = 137.5 விநாடி.
அதில் முழு நிமிடங்களைக் கழியுங்கள். 137.5 − 120 = 17.5. ஆக 2:17.5.

கடைசிப் படியில்தான் இன்னொரு பள்ளம். 137.5ஐ 60 ஆல் வகுத்தால் 2.29 வரும். அது 2:29 இல்லை. வகுக்க வேண்டாம், 60, 120, 180 என்று கழித்துக்கொண்டே போங்கள்.

வேடிக்கை என்னவென்றால் சில சமயம் தப்பான வழியிலும் சரியான விடை வந்துவிடும். 8:20ஐ 8.20 என்று போட்டு 4 ஆல் வகுத்தால் 2.05. உண்மையான பேஸும் 2:05தான். நிமிடமும் விநாடியும் தனித்தனியாக 4 ஆல் வகுபடுவதால் நேர்ந்த தற்செயல். ஒருநாள் இப்படிச் சரியாக வந்துவிட்டால், அந்த ஆளை மறுநாள் நம்ப வைப்பது பெரும்பாடு.

*நேரத்துக்கு ஓட்டும்போது:* அரை மணி நேரத்தில் 6000 மீட்டர் என்றால் 1800 ÷ 6000 × 500 = 150 விநாடி, அதாவது 2:30. தலைகீழாகவும் போடலாம். 5000 மீட்டரை 24 நிமிடத்தில் முடிக்க என்ன பேஸ்? 5000 மீட்டரில் பத்து 500 இருக்கிறது. 1440 விநாடியை 10 ஆல் வகுத்தால் 144, அதாவது 2:24. இந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிட்டு உட்காருங்கள். மூச்சு வாங்கும்போது கணக்கு வராது.

*எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள்?* மானிட்டரில் பெரிதாக மாறிக்கொண்டே இருப்பது அந்த இழுப்பின் பேஸ். அதோடு சராசரி பேஸும் ஒன்று உண்டு. நீங்கள் போடும் கணக்கு சராசரியோடு மட்டும்தான் ஒத்துவரும். கடைசி இழுப்பில் 1:58 வந்தது என்பதற்காக முழு ஓட்டமும் 1:58 ஆகிவிடாது.

*இரண்டு பேஸைக் கூட்டி இரண்டால் வகுத்தீர்களா?* தூரம் சமமாக இருந்தால் அது சரி. நேரம் சமமாக இருந்தால் தப்பு. பத்து நிமிடம் 2:00லும் அடுத்த பத்து நிமிடம் 3:00லும் போனால் சராசரி 2:30 என்று தோன்றும். முதல் பத்து நிமிடத்தில் 2500 மீட்டர், அடுத்ததில் 1667 மீட்டர். மொத்தம் 4167 மீட்டர், 1200 விநாடி. பேஸ் 2:24. சந்தேகம் வந்தால் பேஸ்களைக் கூட்டாதீர்கள். மீட்டரைத் தனியாக, விநாடியைத் தனியாகக் கூட்டிவிட்டு ஒரே ஒரு முறை வகுத்துவிடுங்கள்.

*இடையில் ஓய்வு எடுத்தீர்களா?* போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஓய்வையும் சேர்த்து ஓடவிட்டால் பேஸ் மோசமாகத்தான் தெரியும். மானிட்டரிலேயே இன்டர்வெல் அமைத்துக்கொண்டால் அது ஓய்வைக் கழித்துவிட்டுச் சொல்லும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒத்துவரவில்லை என்று சொல்லி வந்தவர் இதுவரை யாருமில்லை.

அறிகுறி 2: 2:30 வரவேண்டிய இடத்தில் 104 என்றோ 657 என்றோ காட்டுகிறது

முன்னால் உட்கார்ந்தவர் அலகை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். கான்செப்ட் 2 மிஷினில் வரும் பிஎம்5 மானிட்டரில் 'சேஞ்ச் யூனிட்ஸ்' என்ற பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். பேஸ், வாட்ஸ், கலோரி என்று சுற்றிவரும். நேரம் போல நடுவில் இரண்டு புள்ளி வைத்து வந்தால் அதுதான் பேஸ்.

மூன்றும் ஒரே உழைப்பின் மூன்று முகங்கள்தான். 2:30 என்றால் 104 வாட், மணிக்கு ஏறக்குறைய 657 கலோரி. பேஸிலிருந்து வாட்டுக்கு மாற்ற வேண்டுமானால் சூத்திரம் சுலபம். 500 மீட்டர் நேரத்தை விநாடியாக்கி 500 ஆல் வகுங்கள். 150 ÷ 500 = 0.3. அதை மூன்று தடவை எழுதிப் பெருக்குங்கள். 0.3 × 0.3 × 0.3 = 0.027. இப்போது 2.80ஐ அதால் வகுத்தால் 103.7 வாட்.

அடிக்கடி தேவைப்படுபவை:

3:00 – 60 வாட்
2:40 – 85 வாட்
2:30 – 104 வாட்
2:20 – 128 வாட்
2:10 – 159 வாட்
2:00 – 203 வாட்
1:45 – 302 வாட்

கலோரி எண்ணை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். மானிட்டர் ஏறத்தாழ 79 கிலோ எடையுள்ள ஒருவரை மனதில் வைத்து, மணிக்கு 300 கலோரியை அடிப்படையாகச் சேர்த்துத்தான் காட்டுகிறது. 55 கிலோ எடையுள்ள ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு இரண்டு பூரி கூடச் சாப்பிட்டால் பழி மிஷின் மேல் இல்லை.

அறிகுறி 3: எவ்வளவு இழுத்தாலும் பேஸ் இறங்க மாட்டேன் என்கிறது

ஜிம்மில் அதிகம் வரும் புகார் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

*முதலில் மேலே உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள்.* 2:30லிருந்து 2:00க்கு வர அரை நிமிடம்தானே என்று தோன்றும். 104 வாட்டிலிருந்து 203 வாட்டுக்கு, அதாவது கிட்டத்தட்ட இருமடங்கு உழைப்புக்குப் போக வேண்டும். வேகம் கூடக்கூட ஒவ்வொரு விநாடியும் விலை ஏறிக்கொண்டே போகும். 3:00லிருந்து 2:40க்கு வந்தபோது 25 வாட்தான் கூடுதலாகத் தேவைப்பட்டது. 2:20லிருந்து 2:00க்கு வர 75 வாட். அப்படியானால் மிஷினில் கோளாறு இல்லை. முன்னேற்றத்தை வாட்டில் குறித்துவைத்துக்கொண்டால் மனசு சமாதானமாகும். பேஸில் இரண்டு விநாடியாகத் தெரிவது வாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும்.

*டாம்பர் 10ல் இருக்கிறதா?* பக்கவாட்டில் இருக்கும் அந்தக் குமிழைப் பார்த்து, பத்து என்றால் பலசாலி என்று பையன்கள் எல்லோரும் கடைசிவரை ஏற்றிவிடுகிறார்கள். அது சைக்கிள் கியர் இல்லை, பரீட்சை மதிப்பெண்ணும் இல்லை. விசிறிக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு மூடி, அவ்வளவுதான். காற்று கூடினால் ஒவ்வொரு இழுப்பும் கனமாகும். தொடை சீக்கிரம் சோரும். பேஸ் நான்கு நிமிடத்தில் மோசமாகும்.

குமிழின் எண்ணை விட்டுவிட்டு ட்ராக் ஃபேக்டரைப் பாருங்கள், அதாவது விசிறியைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று மானிட்டரே அளந்து சொல்லும் எண்ணை. பிஎம்5ல் 'மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஸ்ப்ளே ட்ராக் ஃபேக்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, சாதாரணமாகப் பத்து இழுப்பு இழுத்தால் ஒரு எண் வந்து நிற்கும். 110க்கும் 130க்கும் நடுவில் வரும்படி குமிழைத் திருப்புங்கள். சுத்தமான மிஷினில் இது 3லிருந்து 5க்குள் எங்கேயாவது வரும். எடை குறைந்தவர்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் நான் 105, 110 பக்கமே வைத்துவிடுவேன். யாரும் குறைசொன்னதில்லை.

*சீட் முந்தி ஓடி, கை பிந்தித் தங்குகிறதா?* இதை உங்களால் பார்க்க முடியாது. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து போனில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மெதுவாக ஓடவிட்டு, முழங்கால் மடங்கி நிற்கும் நொடியிலிருந்து பாருங்கள். காலால் உதைத்ததும் சீட் ஒரு சாண் பின்னால் போகிறது. ஹேண்டில் அதே சாண் வந்திருக்க வேண்டும். சீட் மட்டும் போய், இடுப்பு மேலே எழும்பி, முதுகு முன்னால் கவிழ்ந்தபடியே இருந்தால் அந்த ஒரு சாண் வீண். தொய்ந்த கயிற்றை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் கிணற்றில் வாளி எழும்பாது, அதே கதைதான். கயிறு விறைத்த பிறகுதான் பாரம் ஏறும்.

சரிசெய்ய: பாதப் பட்டையைப் பாதத்தின் அகலமான இடத்தில், விரல்கள் மடங்கும் கோட்டில் வரும்படி வையுங்கள். கையை நீட்டி, வயிற்றை இறுக்கி, உதைப்பதற்கு முன்பே செயின் விறைப்பாக இருக்கிறதா என்று உணருங்கள். பத்து இழுப்பு, காலால் மட்டும். முதுகையும் கையையும் அசைக்காமல். பேஸ் எவ்வளவு வருகிறது பாருங்கள். முழு இழுப்பு 2:30 வருபவருக்குக் காலால் மட்டுமே 2:50 பக்கம் வந்தால் ஆள் சரியாகத்தான் உதைக்கிறார். மூன்றரை நிமிடம் என்று காட்டினால் கால் சும்மா போய் வருகிறது.

*கை முந்துகிறதா?* கால் நீளுவதற்குள் முழங்கை மடங்கினால், உடம்பிலேயே பெரிய தசையை விட்டுவிட்டுச் சின்னத் தசையை வேலைக்கு அனுப்புகிறீர்கள். வரிசை: கால், முதுகு, கை. திரும்பும்போது கை, முதுகு, கால். திரும்புவதில் அவசரம் வேண்டாம். இழுக்க ஒரு பங்கு நேரம் என்றால் திரும்ப இரண்டு பங்கு.

*எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்?* வீடியோ பார்த்து, ட்ராக் ஃபேக்டர் சரிசெய்து, இரண்டு மூன்று வாரம் கழிந்தும் அசையவில்லை என்றால் மெக்கானிக் வேண்டாம், ரோயிங் சொல்லித்தரத் தெரிந்த பயிற்சியாளர் வேண்டும். கீழ் முதுகில் வலி வந்து அதனால் இழுக்க முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். வலி பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்கினால் நேராக டாக்டர்.

அறிகுறி 4: பேஸ் ஒவ்வொரு இழுப்புக்கும் குதிக்கிறது

இரண்டு மூன்று விநாடி ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் உண்டு. 2:15, 2:28, 2:19 என்று ஆடினால்தான் பிரச்சினை.

முதலில் வேறொருவரை உட்காரவையுங்கள். அவருக்கு நிலையாக வந்தால் மிஷினை மறந்துவிடுங்கள். உங்கள் இழுப்பு ஒன்று நீளம், ஒன்று குட்டை. நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்ற எண்ணைப் பாருங்கள். அதுவும் 20, 27, 22 என்று ஆடினால் தாளம்தான் குற்றவாளி. 20 இழுப்பிலேயே நிற்க முயலுங்கள், பேஸைப் பார்க்காமல். இன்னொரு சோதனையும் உண்டு: மொத்த மீட்டரை மொத்த இழுப்பால் வகுத்தால் ஒரு இழுப்புக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 2:30 பேஸில் நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் இழுப்புக்கு 10 மீட்டர். இது 7க்குக் கீழே போனால் ஓட்டமாக ஓடுகிறீர்கள், இழுக்கவில்லை.

இருவருக்குமே குதித்தால் அப்புறம் மிஷின். வரிசையாக:

சீட் ஓடும் தண்டவாளத்தை ஈரத் துணியால் துடையுங்கள். வியர்வையும் தூசும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். சீட் தடுக்கித் தடுக்கி ஓடினால் இழுப்பும் தடுக்கும்.

செயினைப் பாருங்கள். வறண்டு, திரும்பும்போது கரகரவென்றால் எண்ணெய் கேட்கிறது. ஒரு டீஸ்பூன் எண்ணெயைத் துணியில் நனைத்து, செயின் முழுக்க வெளியே இழுத்துப் பிடித்துத் துடைத்துவிட்டு, மிச்சத்தை வழித்தெடுங்கள். லேசான மினரல் ஆயில் போதும். துருவை நீக்கும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அது இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிசுபிசுத்து ஊர்த் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்பது கணக்கு. ஜிம் என்றால் வாரம் ஒரு முறை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றில் இருப்பவர்கள் கைக்கணக்காக இன்னும் சீக்கிரமாகவே செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலோரம் நிற்கும் செயினுக்குத் துரு சீக்கிரம் வந்துவிடும்.

ஹேண்டில் சோம்பலாகத் திரும்புகிறதா? உள்ளே இருக்கும் ரப்பர் கயிறு தளர்ந்திருக்கிறது. அதை இறுக்கும் வழி மிஷின் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லையென்றால் தெரிந்தவரை விட்டுச் செய்யுங்கள். செயினைக் கழற்ற மட்டும் யாரையும் விடாதீர்கள். பக்கத்து சைக்கிள் கடைக்காரர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி. ஹேண்டில் பக்கம் கழன்றால் ரப்பர் கயிறு செயினை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் மிஷினையே பிரிக்க வேண்டும்.

செயினில் மடங்க மறுக்கும் கண்ணி இருந்தாலோ, விசிறிப் பக்கம் உரசல் சத்தம் வந்தாலோ நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: அதே குமிழ் எண், அதே ஆள், ஆனால் போன மாதம் கனமாக இருந்தது, இப்போது லேசாக இருக்கிறது

நம் பக்கத்துக்கென்றே வந்த நோய் இது. தை, மாசியில் சம்பா அறுவடை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை. ரோட்டிலேயே நெல் காய்கிறது, லாரி ஓடுகிறது, ரைஸ் மில் புகைபோக்கி ஊருக்குள்ளேயே இருக்கிறது. உமித்தூசும் வைக்கோல் தூளும் ஜன்னல் வழியாக வந்து, விசிறியைச் சுற்றி இருக்கும் துளைத் தகட்டில் படிந்துவிடும். விசிறி சுழலும்போது அதுவே தூசியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. துளை அடைந்தால் காற்று உள்ளே போகாது. குமிழ் 5ல் இருந்தாலும் 3ன் கனம்தான் இருக்கும்.

இதனால் பேஸ் தப்பாகிவிடுமா? ஆகாது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் விசிறி எவ்வளவு வேகமாக மந்தமாகிறது என்று மானிட்டர் அளந்துகொண்டேதான் இருக்கிறது. தூசி படிந்தாலும் அதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அதனால் தூசி மிஷினில் வந்த 2:20யும் 2:20தான். மாறுவது உங்கள் உடம்புக்குத் தெரியும் கனம். அதை ஈடுகட்ட நீங்கள் குமிழை ஏற்றுவீர்கள், தாளம் மாறும், பேஸ் மோசமாகும். பழி மானிட்டருக்கு.

சோதனை: மிஷின் சுத்தமாக இருக்கும்போது குமிழை 10ல் வைத்து ட்ராக் ஃபேக்டரைப் பார்த்து, தேதியோடு சுவரில் எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை அதே 10ல் திரும்பப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் சுத்தம் செய்யும் நேரம். கத்திரி வெயிலில் காற்று சூடாக லேசாக இருப்பதாலும் எண் கொஞ்சம் இறங்கும். அது சிறிதாகத்தான் இருக்கும், அதற்காகக் கழற்ற வேண்டாம்.

சுத்தம் செய்ய: முதலில் வெளியிலிருந்தே, வேக்குவம் கிளீனரின் பிரஷ் முனையைத் துளைத் தகட்டில் வைத்துச் சுற்றிலும் உறிஞ்சுங்கள். திரும்ப எண்ணைப் பாருங்கள். ஏறியிருந்தால் போதும். ஏறவில்லை என்றால் வெளி மூடியின் திருகுகளைக் கழற்றி, உள்ளே தகட்டின் மறுபக்கம் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு அடுக்கு உரிந்து வரும், நடுநடுவே உமி மின்னும். அதையும் உறிஞ்சிவிட்டு மூடிவிடுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று ஊதும் மிஷினை மட்டும் காட்டாதீர்கள். தூசி பேரிங் பக்கம் போய் உட்காரும். ஈரத்துணியும் உள்ளே வேண்டாம்.

அறுவடை மாதங்களில் மட்டும் மிஷினை ரோட்டுப் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி, ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவைத்தாலே பாதி வேலை மிச்சம்.

அறிகுறி 6: வீட்டில் 1:50 வருகிறது, ஜிம்மில் 2:25தான் வருகிறது

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி வந்து முதல் நாளே முகம் வாடிப் போனான். வீட்டில் காந்த மிஷின் வைத்திருந்தான். ஜிம் மிஷின் தரமில்லை என்பது அவன் வாதம்.

இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. விலை குறைந்த பல காந்த மிஷின்களில் கனத்தைக் கூட்டும் குமிழுக்கும் மானிட்டருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, ஒரு நிலையான மீட்டரால் பெருக்கிக் காட்டிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: குமிழைக் குறைந்த கனத்தில் வைத்து இருபது இழுப்பு இழுத்து மீட்டரைக் குறியுங்கள். பிறகு அதிகக் கனத்தில் வைத்து, அதே தாளத்தில், அதே நீளத்தில் இருபது இழுங்கள். உழைப்பு இருமடங்கு ஆகியும் மீட்டர் அதேதான் என்றால் அந்த மிஷின் உங்கள் உழைப்பை அளக்கவில்லை, அசைவை எண்ணுகிறது. அப்படிப்பட்ட மிஷினில் பேஸைப் பார்க்காமல் நேரத்தையும் நாடித் துடிப்பையும் பார்த்து ஓட்டுவதே மேல்.

தண்ணீர்த் தொட்டி மிஷின் வேறு ரகம். தொட்டியில் நீர்மட்டம் குறைந்தால் கனம் குறையும். கோட்டுக்கு நீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்திருந்தால் கோடு வரை ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். சுத்திகரித்த தண்ணீர் நல்லது.

எந்த மிஷினாக இருந்தாலும் அதன் எண்ணை அதே மிஷினின் பழைய எண்ணோடு ஒப்பிடுவதில் தவறே இல்லை. இரண்டு மிஷினை ஒப்பிட்டுச் சண்டை போடுவதில்தான் பிரயோஜனம் இல்லை.

அறிகுறி 7: முதல் 500 மீட்டர் பறக்கிறது, பிறகு பேஸ் ஏறிக்கொண்டே போகிறது

ஆரம்பத்தில் உடம்பு புதிதாக இருக்கும், 2:05 சுலபமாக வரும். சராசரியாக 2:20 தாங்கும் ஆளுக்கு அது கடன் வாங்கிச் செலவு செய்வது. முதல் 500ஐ இலக்கைவிட மூன்று விநாடி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இலக்கு 2:20 என்றால் 2:23. 2000 மீட்டரில் நான்கு 500தான் இருக்கிறது. முதலாவதில் விட்ட மூன்று விநாடியை, மற்ற மூன்றிலும் ஒவ்வொரு விநாடியாக எடுத்துவிடலாம்.

காலையில் சரியாக வந்து மாலையில் மோசமானால் வெயிலைக் கேளுங்கள். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கிவிட்டால் மாலை ஆறு மணிக்கும் ஓட்டுக் கட்டடத்துக்குள் அனல் இறங்காது. ரோயிங் மிஷினுக்குக் கரண்ட் தேவையில்லை என்பதால், கரண்ட் போய் ஃபேன் நின்ற பிறகும் சிலர் வீராப்பாக இழுத்துக்கொண்டிருப்பார்கள். உடம்பைக் குளிர்விக்கவே இதயம் கூடுதலாக வேலை செய்கிறது. அதே நாடித் துடிப்பில் பேஸ் ஐந்து, பத்து விநாடி மோசமாகத் தெரிந்தால் அது இயல்பு. அந்த நாட்களில் பேஸ் இலக்கை விட்டுவிட்டு நாடியை வைத்து ஓட்டுங்கள். முடிந்தால் விடிகாலைக்கு மாற்றுங்கள். இடையில் தண்ணீர், முடிந்த பிறகு உப்புப் போட்ட நீர்மோர்.

ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டாம். தலைசுற்றல், வியர்வை நின்று உடம்பு கொதிப்பது, நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி. இதில் எது வந்தாலும் ஹேண்டிலை விட்டுவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள். பிரஷர், சர்க்கரை, இதயக் கோளாறு இருப்பவர்கள் பேஸ் இலக்கு வைக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அறிகுறி 8: இழுக்கிறேன், மானிட்டரில் எதுவும் அசையவில்லை

பேட்டரி. பிஎம்5ல் பெரிய டார்ச் லைட்டுக்குப் போடும் 'டி' அளவு பேட்டரி இரண்டு. புதிதாக மாற்றிப் பாருங்கள், பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றும் கலக்காமல். பேட்டரி உட்காரும் கம்பியில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்த்தெடுங்கள். பல மாதம் ஓட்டப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

திரை எரிகிறது, ஆனால் இழுத்தால் எண் வரவில்லை என்றால் விசிறியிலிருந்து மானிட்டருக்கு வரும் ஒயர் கழன்றிருக்கலாம். மானிட்டருக்குப் பின்னால் கழற்றித் திரும்பச் செருகுங்கள், 'டிக்' என்று உட்கார வேண்டும். மிஷினை மடக்கி நிமிர்த்தி வைக்கும் இடங்களில் இந்த ஒயர் அடிக்கடி இழுபடும். நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று நீளம் முழுக்கப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் வயல் எலியெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும், ஒயர் அதற்குக் கரும்பு.

இதற்கு மேல் சென்சார், மானிட்டர் போர்டு. இரண்டும் நீங்கள் தொட வேண்டியவை அல்ல.

சர்வீஸ் ஆள் பெரும்பாலும் திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோதான் வர வேண்டியிருக்கும். வந்துபோகும் செலவு தனி. அதனால் போன் செய்யும் முன் கையில் வைத்திருங்கள்: மிஷினின் மாடல், சட்டத்தில் ஒட்டியிருக்கும் வரிசை எண், குமிழ் 10ல் வரும் ட்ராக் ஃபேக்டர், கோளாறு நடக்கும்போது சத்தத்தோடு எடுத்த அரை நிமிட வீடியோ, இரண்டாவது ஆளை உட்காரவைத்துப் பார்த்ததில் என்ன ஆயிற்று என்பது. வீடியோவைப் பார்த்துவிட்டு எந்தப் பாகம் என்று அவர் சொல்லிவிட்டால், அதைக் கையோடு எடுத்துவரச் சொல்லலாம். வருகைக் கட்டணம் எவ்வளவு, பாகம் மாற்றினால் அதில் கழியுமா என்பதையும் அப்போதே கேட்டு வாட்ஸப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.